கிரெடிட் கார்டும் வீட்டுக் கணக்கு நோட்டும்

(திருப்பூரில் ஒரு படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த கூட்டத்தில் பேசியது)



நமக்கு முன் பேசிய தோழர் நம்மைப் பற்றிச் சில புகழ்ச்சி வார்த்தைகள் சொன்னார். அவைகளில் ஒன்றுகூட நமக்குப் பொருந்தாது. இன்று பேச வந்திருக்கும் விஷயத்தில் நமக்குள்ள யோக்கியதை ஒன்றே ஒன்றுதான். அதாவது, நாமே இந்தக் கிரெடிட் கார்டுக் கடனில் மூன்று வருஷம் அகப்பட்டுக் கிடந்தோம் என்பதேயாகும். ஆகவே இது பெரிய பண்டிதர் செய்யும் உபதேசம் அல்ல. குழியில் விழுந்து எழுந்து வந்தவன், குழி எவ்வளவு ஆழம் என்று சொல்லுவது போன்றதுதான்.

முதலில் இந்தக் கார்டு என்னவென்று பார்ப்போம். நமது பாட்டன் காலத்தில் கடன் வேண்டியவன் வட்டிக் கடைக்காரன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும். கையைக் கட்டி நிற்க வேண்டும், நோட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் அவமானம் உண்டு என்பதாலேயே பலர் கடன் வாங்காமல் தப்பினார்கள். இப்போதோ கடன் கொடுப்பவன் நம் வீட்டைத் தேடி வருகிறான். 1958-ம் வருஷத்தில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து பிரஸ்னோ என்னும் ஊரில், பாங்க் ஆப் அமெரிக்கா சுமார் 60,000 பேருக்கு, அவர்கள் கேளாமலேயே, தபாலில் கார்டு அனுப்பி வைத்தது. அந்த வியாபார தந்திரம்தான் இன்று வேறு வேஷத்தில் நடக்கிறது. கேளாதவர்களுக்குக் கார்டு கொடுக்கக் கூடாதென்று நமது நாட்டு ரிசர்வ் பாங்கியின் உத்தரவு சொல்லுகிறது. ஆனால் கேட்கும்படி செய்வது நிற்கவில்லை.

நமக்குக் கார்டு வந்த கதையைச் சொல்லுகிறோம். பனியன் கம்பெனியில் சம்பளம் பாங்கிக் கணக்கில் விழ ஆரம்பித்த மறு மாதமே ஒரு பாங்கிக்காரர் கம்பெனி வாசலில் வந்து நின்று, "சார், உங்களுக்கு எலிஜிபிள் ஆகியிருக்கிறது" என்றார். வாழ்நாளில் நம்மை "சார்" என்று அழைத்தவர் அதுவரை ஒருவரும் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கே பாதி மயங்கிவிட்டோம். மீதியைக் கையெழுத்துப் போட்ட பிறகு மயங்கினோம்.

முதல் வருஷம் ஒழுங்காய்த்தான் கட்டினோம். பிறகு தங்கை பெண்ணின் காதுகுத்து வந்தது. தாய்மாமன் சீர் குறைந்தால் நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்று, இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்ட, கார்டைத் தேய்த்தோம். அட்சய திருதியை நாளில் ஒரு பவுன் வாங்கினால் வருஷமெல்லாம் பொன்னாய்ப் பெருகும் என்றார்கள். கார்டில் கடன் வைத்து வாங்கினோம். பெருகினது வாஸ்தவம்தான். பொன் அல்ல, கடன் பெருகிற்று. மொத்தம் 80,000 ரூபாயில் வந்து நின்றது.

தோழர்களே, இந்த 80,000 ரூபாய்க் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாய்க் கேட்க வேண்டுகிறோம். பாங்கிக்காரன் மாதா மாதம் ஸ்டேட்மெண்ட் அனுப்புவான். அதில் கட்ட வேண்டிய மொத்தத் தொகை ஒரு பக்கத்திலும், "மினிமம் ட்யூ" என்பது ஒரு பக்கத்திலும் இருக்கும். மினிமம் என்பது பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து. நமக்கு 4,000 ரூபாய் என்று போட்டிருந்தது. நாம் அதைக் கட்டிவிட்டு, "இந்த மாதக் கடன் தீர்ந்தது" என்று நிம்மதியாய்த் தூங்கினோம். நமது வட்டியோ மாதத்திற்கு நூற்றுக்கு மூன்றரை. 80,000 ரூபாய்க்கு 2,800 ரூபாய் வட்டி. அந்த வட்டியின் மேல் சர்க்காருக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி., அது 504 ரூபாய். ஆக 3,304 ரூபாய். நாம் கட்டின 4,000 ரூபாயில் அசலில் கழிந்தது 696 ரூபாய் மாத்திரமே. கார்டை ஒரு தரம்கூடத் தொடாமல் ஒரு வருஷம் இப்படிக் கட்டினால் 48,000 ரூபாய் கொடுத்திருப்போம். கடன் குறைந்திருப்பது சுமார் 10,500 ரூபாய்தான். முழுதும் தீர 44 மாதம் ஆகும். வட்டிக்கும் வரிக்கும் மட்டும் போவது சுமார் 93,000 ரூபாய். வாங்கின கடனைவிட அது அதிகம்.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. கார்டில் வாங்கினால் சுமார் ஐம்பது நாள் வரை வட்டியில்லை என்று விளம்பரம் செய்கிறார்கள் அல்லவா? அது முழுத் தொகையையும் கட்டுகிறவனுக்குத்தான். பாக்கி வைத்தவன் மறுநாள் ஒரு சட்டை வாங்கினாலும், வாங்கின நாளிலிருந்தே அதற்கும் வட்டி ஓடும். இதெல்லாம் மறைத்து வைக்கப்பட்ட ரகசியமும் அல்ல. மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் கடன் பல வருஷம் நீளும் என்ற எச்சரிக்கையை ஸ்டேட்மெண்டிலேயே அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கியின் விதி. அச்சிட்டுத்தான் இருந்தார்கள். நாம்தான் படிக்கவில்லை. கோர்ட்டு காப்பாற்றும் என்று இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வருஷத்திற்கு 30 சதவிகிதத்திற்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதைச் சுப்ரீம் கோர்ட் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

நாம் என்ன செய்தோம்? கடனுக்குக் காரணம் ஏழரைச் சனி என்று ஒருவர் சொல்ல, பரிகாரத்திற்கு 1,500 ரூபாய் செலவழித்தோம். அதையும் கார்டில்தான் கொடுத்தோம்! பாங்கியின் கம்ப்யூட்டருக்கு சனியும் தெரியாது, குருவும் தெரியாது; அதற்குத் தெரிந்தது தேதி ஒன்றுதான்.

இத்தனையையும் நாம் நமது துணைவியாரிடம் சொல்லவேயில்லை. அவரும் தையல் வேலைக்குப் போய் மாதம் 14,000 ரூபாய் சம்பாதிக்கிறவர். மேடையில் பெண்ணுரிமை பேசுவோம். வீட்டில் ஸ்டேட்மெண்டை ஒளித்து வைப்போம். ஒரு நாள் இரவு 9 மணிக்கு, வசூல் ஆள் நமது போன் எடுக்கப்படவில்லை என்று அவருடைய போனுக்குக் கூப்பிட்டு, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டான். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் ஆட்கள் கூப்பிடக் கூடாது, குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டிருக்கிறது. அன்று அது நமக்குத் தெரியாது. தெரிந்த பின் எழுதிப் புகார் கொடுத்தோம். அந்தத் தொல்லை நின்றது. ஆனால் அன்றிரவு நடந்ததை அந்தப் புகார் மாற்றிவிடவில்லை.

அவர் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "ஏனுங்க, கடனைக் கூட மறைக்கிற அளவுக்கு நான் யாரோவா?" என்று மட்டும் கேட்டார். எத்தனையோ கூட்டத்தில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. மறுநாள் காலையில் அவர் குழந்தையின் பழைய பள்ளிக்கூட நோட்டில் மீதியிருந்த தாள்களை எடுத்து, "இன்றையிலிருந்து இரண்டு பேரும் எழுதுவோம்" என்றார்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். தமிழனுக்குக் கணக்கு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடப்பது உங்களுக்குத் தெரியும். எவன் எவ்வளவு மொய் எழுதினான் என்று இருபது வருஷத்து நோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பான். அந்த நோட்டு எழுதுகிற கைக்குத் தன் வீட்டு அரிசிக்கும் பாலுக்கும் என்ன செலவாயிற்று என்று எழுதக் கூச்சமாய் இருக்கிறது. நம் வீட்டிலும் மொய் நோட்டு இருந்தது. வீட்டுக் கணக்கு இல்லை.

ஒரு மாதம் ஒன்றையும் குறைக்காமல், நடந்ததை நடந்தபடி எழுதினோம். இது முக்கியம். முதல் மாதமே குறைக்கப் போனால் பொய்க் கணக்குத்தான் வரும். நமது சம்பளம் 22,000, அவருடையது 14,000, ஆக 36,000 ரூபாய் வரும்படி. மாத முடிவில் கூட்டினோம். வீட்டு வாடகை 7,500, அரிசி, மளிகை, காய்கறி, பால் 9,000, கேஸ், கரண்ட், போன் 1,800, பெட்ரோல் 2,400, குழந்தை படிப்பு 2,500, அம்மாவின் மருந்து 1,500, டீக்கடை, பேக்கரி, ஓட்டல் பார்சல் 4,100, மொய், சீர், கோயில் பயணம் 3,000, கார்டுக்குக் கட்டினது 4,000, அதே கார்டில் புதிதாய் வாங்கின துணிமணி முதலியவை 2,700. மொத்தம் 38,500 ரூபாய். வரும்படிக்கு மேல் 2,500 ரூபாய் செலவு! அசலில் 696 ரூபாய் குறைத்து, அதே மாதம் 2,700 ரூபாய் ஏற்றியிருக்கிறோம். அதாவது கட்டிக்கொண்டே இருந்தோம், கடனும் வளர்ந்துகொண்டே இருந்தது. மூன்று வருஷம் புரியாத மர்மம் ஒரு மாத நோட்டில் வெளிச்சமாகிவிட்டது.

டீக்கும் பார்சலுக்கும் 4,100 என்றதை முதலில் நாம் நம்பவில்லை. கூட்டல் தப்பு என்று வாதாடினோம். மூன்று தரம் கூட்டியும் அதே தொகைதான் வந்தது. பத்து ரூபாயும் முப்பது ரூபாயுமாய்ப் போனால் மனதில் நிற்பதில்லை. போனில் கோடு போட்ட படத்தைக் காட்டிப் பணம் கொடுக்கிற காலத்தில் நோட்டு கைமாறுகிற உறுத்தலும் இல்லை. அதிலே 2,600 குறைத்தோம். அம்மாவின் மருந்திலும் குழந்தையின் பாலிலும் ஒரு காசு குறைக்கவில்லை. அங்கே குறைத்துக் கடன் கட்டுவது சிக்கனம் அல்ல. பெட்ரோலில் 500 குறைந்தது. எப்படியெனில், சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கட் இல்லை என்றாகியும், கௌரவத்திற்காக அவரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தோம். மொய்யிலும் சீரிலும் 2,000 குறைத்தோம். சொல்லுவதற்கு எளிது, செய்ததில் கஷ்டமானது இதுதான். தங்கை வீட்டார் இரண்டு மாதம் பேசவில்லை. "கடன் இருக்கிறது, அதனால் 500 ரூபாய்தான்" என்று வெளிப்படையாய்ச் சொன்னோம். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்தப் பந்தியில் சாப்பிட்டவர்களில் எத்தனையோ பேருக்கு நம்மைப் போலவே கார்டுக் கடன் இருந்தது என்று. நான்கு பேர் தனியாய்க் கூப்பிட்டுக் கணக்கு எப்படி எழுதுவதென்று கேட்டார்கள்.

கார்டைத் தகர டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தோம். இப்படியாக வீட்டுச் செலவு 26,700-க்கு வந்தது. மீதி 9,300. இதில் 800 ரூபாயைத் தனியாய் எடுத்து வைத்தோம். இதுதான் பலர் கோட்டை விடுகிற இடம். ஜூன் மாதம் வந்தால் பள்ளிக்கூடப் புத்தகம், ஐப்பசி வந்தால் புதுத்துணி, வருஷத்திற்கு ஒரு முறை வண்டி இன்ஷூரன்ஸ். இவைகளைத் "திடீர்ச் செலவு" என்கிறோம். காலண்டரில் அச்சடித்து வருகிற செலவில் திடீர் எங்கே வந்தது? பன்னிரண்டால் வகுத்து மாதா மாதம் எடுத்து வைக்காதவன், அந்த மாதம் வந்தால் மறுபடி கார்டைத்தான் தேடுவான். பாக்கி 8,500 ரூபாய் கடனுக்கு.

அடுத்தது நகை. அந்த அட்சய திருதியைப் பவுனும் அவருடைய வளையலும் பெட்டியில் சும்மா கிடந்தன. வளையல் அவருடையது; அதைக் கேட்க நமக்குப் பாத்தியம் இல்லை, கேட்கவும் இல்லை. கணக்கைப் பார்த்து அவரே சொன்னார். பாங்கியில் வருஷத்திற்கு நூற்றுக்குப் பத்து வட்டியில் 45,000 ரூபாய் கிடைத்தது. 40,000-ஐக் கார்டில் கட்டினோம். அந்த 40,000-க்குக் கார்டில் மாதம் 1,652 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. நகைக் கடனில் 333 ரூபாய். பாக்கி 5,000-ஐ வேறு கணக்கில் போட்டுத் தொடாமல் வைத்தோம். இரண்டாம் மாதமே குழந்தைக்குக் காய்ச்சல் வந்து 3,200 ரூபாய் செலவாயிற்று. அந்த 5,000 இல்லாவிட்டால் தகர டப்பா கீழே இறங்கியிருக்கும். ஒரு எச்சரிக்கை: கார்டை நிறுத்தாமல் நகையை வைப்பவனுக்கு ஒரு கடன் இரண்டு கடனாகும். நகை இல்லாதவர்கள், பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாய் மாற்றித் தரும்படி பாங்கியைக் கேட்கலாம். ஆனால் வட்டியோடு கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். கார்டை அடைக்கக் கந்து வட்டிக்காரனிடம் மட்டும் போகாதீர்கள். அவனுக்காக 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே செய்ய வேண்டியிருந்தது.

ஏழாம் மாதத்தில் கார்டுக் கடன் தீர்ந்தது. பதின்மூன்றாம் மாதத்தில் வளையல் வீட்டுக்கு வந்தது. செலவைக் குறைக்க ஆரம்பித்த பிறகு வட்டியும் வரியுமாய்க் கொடுத்தது சுமார் 9,000 ரூபாய். பவுனை விற்று அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வைத்தோம்.

கார்டை ரத்து செய்ய எழுதிக் கொடுத்தோம். பாக்கியில்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் பாங்கி மூடியாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது விதி. ஆறாம் நாளே மூடிவிட்டார்கள். சென்ற வாரம் வேறொரு பாங்கியிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு, "ஆயுள் முழுதும் இலவசக் கார்டு, சார்" என்றார். அந்தப் பெண்ணும் நம்மைப் போல் மாதச் சம்பளத்திற்கு வேலை செய்கிறவர்தான், கோபித்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்றோம். அவர் விடாமல் காரணம் கேட்கவே, போனைத் துணைவியாரிடம் கொடுத்தோம். அவர் நோட்டிலிருந்து முதல் மாதக் கணக்கைப் படித்துக் காட்டினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, அந்தப் பெண், "அக்கா, அந்த நோட்டு எப்படி எழுதறதுன்னு சொல்லுங்க" என்று கேட்டாராம்.

அந்த நோட்டைக் கொண்டு வந்திருக்கிறோம். மேஜை மேல் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து பார்க்கலாம். தாய்மார்கள் முதலில் வரட்டும்.