தோளும் பாறையும்

நம் புலவர்கள் வீரனுடைய தோளைப் பாட நேர்ந்தபோதெல்லாம் குன்றையும் மலையையும் உவமையாகக் கொண்டார்கள். உவமை அழகானது, ஆயினும் உடற்கூற்று நூலார் அதனை ஒப்பமாட்டார்கள். குன்று அசையாதது, தோளோ மனித உடலிலுள்ள மூட்டுகள் அனைத்திலும் மிகுதியாக அசைவது. மேலும் கீழும், முன்னும் பின்னும், சுற்றிலும் கையைச் செலுத்த இடந்தருவது அம்மூட்டு. இவ்வளவு உரிமையை இயற்கை இலவசமாகக் கொடுத்துவிடவில்லை. அதற்கு விலையாக உறுதியில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டது. பாறையேறும் இளைஞர் சிலருக்கு ஒருமுறை நழுவிய தோள் மறுபடியும் மறுபடியும் நழுவுவது ஏன், அதிலிருந்து அவர்கள் மீள்வது எவ்வாறு என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன்.

மாணவ நண்பர்களே, பள்ளி விளையாட்டு விழாவில் எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து, கரண்டியை வாயிற் கவ்விக்கொண்டு ஓடும் பந்தயத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஓடியும் இருப்பீர்கள். தோள்மூட்டும் ஏறத்தாழ அத்தகையதே. மேற்கை எலும்பின் உருண்டையான தலையைப் பழம் என்று கொள்க. தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் உள்ள ஆழமற்ற குழியைக் கரண்டி என்று கொள்க. இடுப்பில் இத்தகைய உருண்டை ஆழமான கிண்ணத்துள் அமிழ்ந்து கிடக்கிறது. தோளிலோ உருண்டையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த நேரத்திலும் குழியைத் தொடுவதில்லை. ஆகவே குழியின் விளிம்பைச் சுற்றி நாராலும் குருத்தாலும் ஆன வளையம் ஒன்று அமைந்திருக்கிறது. உரலின் வாயில், தானியம் வெளியே சிதறாதிருக்க வைக்கும் குந்தாணி போன்றது அது. குழியின் ஆழத்தை அவ்வளையம் ஏறத்தாழ இருமடங்காக்குகிறது. வளையத்தோடு இணைந்து மூட்டைச் சுற்றிலும் ஒரு பை. பையின்மேல் நான்கு சிறு தசைகள். இந்நான்கும் பெருஞ்சுமையைத் தூக்குவன அல்ல. கை எந்தத் திசையிற் சென்றாலும் உருண்டையைக் குழியின் நடுவே அழுத்தி நிறுத்துவதே இவற்றின் தொழில். பந்தயத்தில் ஓடுபவன் பழம் சாயும் பக்கம் தலையைச் சாய்த்துக் கொடுப்பதில்லையா? அதுபோலவே தோள்பட்டை எலும்பும் முதுகின்மேல் வழுக்கிச் சென்று, கை போகுமிடமெல்லாம் குழியைத் திருப்பிக் கொடுக்கிறது.

இனிப் பாறைக்கு வருவோம். பெங்களூருக்கு அருகில் இராமநகரம் என்ற ஊர் உண்டு. 1975ஆம் ஆண்டு வெளிவந்த 'ஷோலே' என்னும் இந்தித் திரைப்படத்தில் வரும் பாறைக் குன்றுகள் அங்குள்ளவையே. அந்தக் கருங்கல்லில் ஏறிப் பழகியவர் எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர். ஒருநாள் இடக்கையைத் தலைக்கு மேலே நீட்டி, வெளிப்புறமாகத் திருப்பி ஒரு வெடிப்பைப் பற்றியிருந்தார். கால் வழுக்கிற்று. கீலில் தொங்கும் கதவைப் போல உடல் முழுவதும் சுழன்று திறந்தது. பற்றிய கையோ பாறையை விடவில்லை. உடலின் எடை முழுவதும் பின்னோக்கித் திருகப்பட்ட தோளில் விழ, உருண்டை முன்புறமாகக் குழியை விட்டு வெளியேறிவிட்டது. தோள் நழுவும்போது நூற்றில் 95க்கு மேற்பட்ட தடவைகளில் அது முன்புறமாகத்தான் நழுவுகிறது. கையை உயர்த்தி வெளிப்புறம் திருப்பிய நிலையே அதற்கு மிக ஏதுவானது.

பாறையேறுபவர்கள் இந்நிலையையும் இதனை ஒத்த நிலைகளையும் தவிர்க்க முடியாது. அவர்களிடையே 'கஸ்தோன்' என்று ஒரு பிடி உண்டு. முழங்கையை வெளியே நீட்டி, கட்டைவிரல் கீழ்நோக்க, மூடிய கதவின் இடுக்கில் விரல் நுழைத்துப் பக்கவாட்டில் தள்ளித் திறப்பதுபோல் பற்றும் பிடி அது. அன்னபூர்ணா சிகரத்துக்கு 1950ஆம் ஆண்டு சென்ற பிரெஞ்சுக் குழுவில் இடம்பெற்ற மலைவழிகாட்டி கஸ்தோன் ரெபூஃபாவின் பெயரால் வழங்குவது. பார்க்க ஒயிலான பிடி. தோளைக் கேட்டால் வேறுவிதமாகச் சொல்லும்.

நம் மாணவருக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே படம் எடுத்து, மூட்டை மெல்லத் திருப்பிப் பொருத்தி, கையைத் தூளியில் இட்டு அனுப்பினார்கள். இங்கே ஒரு சொல். நழுவிய தோளை நண்பர்கள் பிடித்திழுத்துச் சரிசெய்ய முயலலாகாது. அம்மூட்டின் கீழே ஒரு நரம்பு வளைந்து செல்கிறது. மேற்கையின் வெளிப்புறத்தில் தொடு உணர்வு மரத்திருந்தால் அந்நரம்பு நெருக்குண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். எலும்பு முறிந்தும் இருக்கக்கூடும். படம் பார்க்காமல் இழுப்பது இருட்டறையில் கத்தி வீசுவதற்கு ஒப்பாகும்.

மூன்று வாரத்தில் வலி போயிற்று; மூன்று மாதத்தில் மாணவரும் பாறைக்குப் போனார். அவ்வாண்டு முடியுமுன் தோள் இரண்டாம் முறை நழுவியது. மூன்றாம் முறை நழுவியது பாறையில் அன்று. பேருந்தில் தலைக்கு மேலுள்ள பலகையிலிருந்து பையை எடுக்கக் கை நீட்டியபோது. இந்நோயின் போக்கே இதுதான். முதல்முறை நழுவப் பெருவிசை வேண்டும். அடுத்தடுத்த முறைகளுக்குச் சிறுவிசை போதும். கடைசியில் உறக்கத்தில் புரண்டு படுத்தாலும் போதும் என்றாகிவிடும்.

இத்துன்பம் புதியதன்று. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீசின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலில் இது விரிவாகப் பேசப்படுகிறது. மற்றெல்லாத் தகுதியும் உடையவர்கள் இவ்வொரு குறையால் உடற்பயிற்சிப் போட்டிகளை விட்டு விலகினார்கள் என்றும், போர்க்களத்தில் கை உதவாமற் போய் உயிரிழந்தார்கள் என்றும் அந்நூல் வருந்துகிறது. அது கூறும் சிகிச்சையைக் கேட்டால் உங்களுக்கு மெய் சிலிர்க்கும். அக்குளின் தோலைப் பிடித்திழுத்து அதனூடே காய்ச்சிய இரும்புக் கம்பியைச் செலுத்த வேண்டும்! சுட்ட புண் ஆறும்போது தோல் சுருங்கி இறுகும்; தளர்ந்த பக்கம் அடைபடும் என்பது கருத்து. கொடுமையான வழி எனினும், எண்ணம் அறிவற்றதன்று. முன்னும் கீழும் உள்ள தளர்ச்சியே கேடு என்பதை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

தளர்ந்தது எது என்பதைத் தெளிவாக எடுத்துரைத்த பெருமை இலண்டன் நகரத்து அறுவை மருத்துவர் பாங்கார்ட்டுக்கு உரியது. ஜெர்மானிய மருத்துவர் பெர்த்தெஸ் 1906ஆம் ஆண்டிலேயே இதனைக் குறித்திருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். நான் முன்னே குந்தாணி என்று கூறிய அந்த வளையம், முன்விளிம்பில் எலும்பைவிட்டுப் பெயர்ந்து போவதே மூல காரணம் என்று பாங்கார்ட் 1923இல் எழுதினார். பை நைந்து விரிந்தது என்று எண்ணி அதனை மட்டும் மடித்துத் தைத்துவந்தவர்களுக்கு இது புதிய பாடம். பெயர்ந்த வளையம் தன் பழைய இடத்தில் தானாகச் சரிவர ஒட்டுவது அரிது. ஆகையால் ஓய்வை நீட்டிப்பதனால் மட்டும் நோய் தீர்வதில்லை. தூளியை மூன்று வாரத்துக்குப் பதில் ஆறு வாரம் அணிந்தாலும் மறுபடி நழுவும் வாய்ப்பு அதிகம் குறைவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. பின்னர் 1940இல் ஹில், சாக்ஸ் என்னும் இரு கதிர்ப்பட வல்லுநர்கள் மற்றொரு செய்தியை விளக்கினார்கள். வெளியே வந்த உருண்டை குழியின் கூரிய விளிம்பில் மோதுவதால், வெண்ணெயில் விரலை அழுத்தியது போன்ற பள்ளம் ஒன்று உருண்டையின் பின்புறத்தில் ஏற்படுகிறது. ஒவ்வொரு நழுவலும் அப்பள்ளத்தை ஆழமாக்கலாம். குழியின் முன்விளிம்பு எலும்பையும் தேய்க்கலாம்.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு ஏறுவதை வீரம் என்று கருதும் வழக்கம் ஏறுவோரிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வளையம் மட்டும் பெயர்ந்திருக்கும் காலத்தில் மருத்துவர் சிறு துளைகளின் வழியே நுண்கருவிகளைச் செலுத்தி, எலும்பில் நங்கூரம் போன்ற சிற்றாணிகளைப் பதித்து, வளையத்தை நூலால் இழுத்துக் கட்டிவிடலாம். குழியின் எலும்பிலேயே ஐந்திலொரு பங்கு அளவுக்குத் தேய்ந்துவிட்டாலோ இத்தையல் நிலைப்பது ஐயம். அப்போது காக்கையின் அலகு போன்ற ஒரு முனை எலும்பைத் தோளின் முன்புறத்திலிருந்து வெட்டியெடுத்து, குழியின் விளிம்பில் திருகாணியால் பொருத்தும் பெரிய சிகிச்சை வேண்டியிருக்கும். பிரெஞ்சு மருத்துவர் லடார்ஷே 1954இல் விவரித்த முறை அது. காலங்கடத்துவதன் விலை இதுவே.

எல்லோருக்கும் கத்தி வேண்டும் என்று நான் கூறவில்லை. வயது இதில் பெரும்பங்கு கொள்கிறது. இருபது வயதுக்குட்பட்டவருக்கு முதன்முறை நழுவினால் மறுபடி நழுவாமல் இருப்பவரைவிட நழுவுபவரே மிகுதி. நாற்பதைக் கடந்தவருக்கு மறுமுறை நழுவுவது குறைவு. அவர்களுக்குத் தசைநார் கிழிவதே கவலை. நம் மாணவருக்கு வயது பத்தொன்பது, நழுவியது மும்முறை, விட முடியாத விளையாட்டோ கையைத் தலைக்கு மேல் உயர்த்துவது. எலும்புத் தேய்வு சிறிதளவே இருந்தமையால் நூலால் கட்டும் சிகிச்சை முடிவாயிற்று.

பிறகு வந்த மாதங்களே உண்மையில் கடினமானவை. முதல் நான்கு வாரமும் கை தூளியில். விரல்களை மடக்கி நீட்டலாம், இரப்பர்ப் பந்தைப் பிசையலாம், நடக்கலாம், அவ்வளவே. அடுத்து, இயன்முறை மருத்துவர் சொன்ன அளவுக்குக் கையை உயர்த்தும் பயிற்சி. வெளிப்புறம் திருப்புவதற்கு மட்டும் நெடுநாள் தடை. தையல் பிடிக்கும் முன் அதனை இழுத்துவிடலாகாது. மூன்றாம் மாதத்தில் இரப்பர்ப் பட்டைகள் வந்தன. முழங்கையை விலாவோடு ஒட்டி, கையிடையே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, பட்டையை மெல்ல வெளிநோக்கி இழுக்க வேண்டும். நாள்தோறும் பாறையில் தம்மை மேலிழுத்தவர், குழந்தையும் இழுக்கக்கூடிய ஒரு பட்டையின்முன் வியர்த்து நின்றார். காரணம் உண்டு. பாறையேறுபவர்களுக்கு முதுகின் அகன்ற தசையும் மார்புத் தசையும் பெருத்து வளர்கின்றன. இரண்டும் கையை உட்புறமாகத் திருப்புவன. எதிர்த்துத் திருப்பும் சிறு தசைகளுக்குப் பாறை அவ்வளவு வேலை கொடுப்பதில்லை. தோள் முன்னே வளைந்து கூன் விழுந்தாற்போல் நிற்கும் ஏறுவோரை நீங்கள் பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வை நினைத்துக்கொள்ளலாம். சுவரில் கையூன்றித் தோள்பட்டையை மட்டும் முன்தள்ளும் பயிற்சியும், தலை கவிழ்ந்து படுத்துக் கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சியும் தோள்பட்டை எலும்பை அதன் இடத்தில் நிறுத்தக் கற்பிக்கின்றன.

தசை மீண்டபின்னும் மீளாத ஒன்று உண்டு; அது அச்சம். மருத்துவரே இதனைச் சோதனைக்குப் பயன்படுத்துகிறார். நோயாளியைப் படுக்கவைத்து, கையை உயர்த்தி, மெல்ல வெளிப்புறம் திருப்பிக்கொண்டே அவர் முகத்தைப் பார்க்கிறார். வலி இல்லாவிடினும் 'போதும், நழுவிவிடும்' என்று முகம் சொன்னால் மூட்டு இன்னும் உறுதியடையவில்லை என்று கொள்வார். அச்சம் இங்கே கோழைத்தனம் அன்று. மூட்டின் பையிலுள்ள நரம்புகள் அனுப்பும் செய்தி. அச்செய்தி தசைகளுக்கு விரைவாகச் சென்று சேரவேண்டும். அதற்கும் பயிற்சி உண்டு. கண்ணை மூடி, சுவரில் ஒரு பந்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கவேண்டும். துணைவர் பந்தைத் திடீரென இப்புறமும் அப்புறமும் தட்டுவார். பந்து நகராமல் தோள் ஈடு கொடுக்கவேண்டும்.

ஆறாம் மாதம் முடிந்து, இரு தோள்களின் வலிமையும் ஏறத்தாழச் சமமாயிற்று என்று அளந்து பார்த்த பின்னரே மருத்துவர் பாறைக்கு இசைவு தந்தார். முதலில் ஏறியது சாய்வான பாறைப்பரப்பு. அங்கே எடையைக் கால்கள் தாங்கும். கைக்குச் சமநிலை காப்பதே வேலை. மேலிருந்து தாங்கும் கயிறு கட்டியிருந்தபடியால் விழுந்தாலும் தோள் உலுக்கப்படாது. ஒரு கையில் தொங்கி ஆடுவதும் கஸ்தோன் பிடியும் இன்னும் பல மாதங்களுக்கு விலக்கப்பட்டன. பிடியில் தொங்கும்போது தோள் காதருகே ஏறித் தளர்ந்துவிடாமல், தோள்பட்டையைக் கீழிறக்கி இறுக்கிய பின்பே உடலை இழுக்கும் பழக்கத்தை அவர் புதிதாகக் கற்றார். கால்களை வைக்கும் இடத்தை முன்னைவிட நுணுக்கமாகத் தேர்ந்தெடுக்கிறார் என்று உடன் ஏறுபவர்கள் சொல்கிறார்கள். முதன்முறை தோள் நழுவிய அதே வெடிப்பில் அவர் அடுத்த ஆண்டு ஏறினார். இம்முறை அதனை வலக்கையால் பற்றினார். இரப்பர்ப் பட்டை இன்னும் அவர் பையில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், ஏறுவதற்கு முன், பாறையின் அடிவாரத்தில் ஒரு மரத்தில் அதனைக் கட்டிக்கொண்டு கால்மணி நேரம் நிற்கிறார்.