நுண்ணோக்கிக்கு ஒரு காணிக்கை



கட்டில் வாங்க, ஏழை நோயாளிக்கு மருந்து வாங்க என்றால் நம் சபைகள் தாராளமாய்க் கொடுக்கின்றன. மருத்துவ மாணவருக்கு ஆய்வுக்கூடம் என்றால் மட்டும், "அது அரசாங்கத்தின் காரியம் அல்லவா, ஐயரே?" என்கிறீர்கள்.

வேலூரை நினைத்துப் பாருங்கள். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1930களின் இறுதியில் மூடப்படும் நிலைக்கு வந்தது. மருத்துவராக இனிப் பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என்று சென்னை மாகாண அரசு முடிவு செய்திருந்தது. பட்டப்படிப்புக்கோ கூடுதல் கட்டில்கள், மேற்படிப்புப் படித்த ஆசிரியர்கள், தகுந்த ஆய்வுக்கூடங்கள் வேண்டும். எழுபது வயதான அம்மையார் 1941-இல் அமெரிக்கா சென்று சபைகளிடம் கையேந்தினார்கள். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று.

ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது? காசநோயாளியின் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். நீலத் தளத்தில் கிருமிகள் சிவந்த கோல்களாய்த் தெரியும். முதல் நாள் மாணவிக்கு எல்லாம் மங்கல்தான். பெத்சாயிதா ஊர்க் குருடனுக்கு முதலில் மனிதர்கள் மரங்களைப்போலத் தெரிந்தார்கள் அல்லவா? ஆண்டவர் அவன்மேல் இரண்டாம் முறை கை வைத்தார். இவளுக்கு இருபது முறையாவது வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு நுண்ணோக்கி என்றால், எட்டிப் பார்த்துவிட்டு நகரத்தான் நேரமிருக்கும். நாளை கிராம மருத்துவமனையில் தனியாய் நின்று, இருக்கிற கிருமியை 'இல்லை' என்று எழுதிவிட்டால், அந்த மனிதன் இருமிக்கொண்டே வீடு திரும்பிப் பிள்ளைகளோடு படுத்துறங்குவான்.

ஆகவே, இவ்வருட அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை நுண்ணோக்கிகளுக்கென்று ஒதுக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். கட்டிலில் எழுதுவதுபோல் அதில் உங்கள் பெயரை எழுத இடம் இராது.