பால் பல்லும் பெற்றோர் பொறுப்பும்

(தொப்பூரில் வாலிபர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

உரிமைகளைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் குழந்தைகளின் பல்லைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் நினைக்கலாம். ஒரு பெண்பிள்ளைக்கு முன்பல் எத்திக்கொண்டு இருந்தால், அதையே சாக்காக வைத்து மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பவுன் கூடுதலாகக் கேட்கிறார்களே! கைக்கூலி வாங்குவது ஹராம் என்று ஒருபக்கம் முழங்குகிறோம். மறுபக்கம், அந்தப் பிள்ளைக்கு மூன்று வயதில் கவனித்திருக்க வேண்டியதைக் கவனிக்காமல் விடுகிறோம். இது சமுதாயப் பிரச்சினை இல்லையா?

தர்மபுரி மாவட்டத்தில் பல் என்றாலே நமக்கு ஃபுளோரைடுதான் நினைவுக்கு வரும். நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளோரைடால் பல்லில் கறை படிந்து, எலும்பும் பாதிக்கப்பட்ட கிராமங்கள் இங்கு ஏராளம். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் சகோதரர்களே, கறை வேறு, வரிசை வேறு. கறைக்குக் காரணம் தண்ணீர். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாமல் போவதற்கு அந்தத் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. அதற்கான காரணம் பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

விழப்போகிற பல்தானே?

பால் பற்கள் மொத்தம் 20. ஏறத்தாழ ஆறு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, இரண்டரை மூன்று வயதுக்குள் முடிந்துவிடும். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை ஒவ்வொன்றாக விழும். 'விழப்போகிற பல்லுக்கு என்ன வைத்தியம்?' என்று கேட்கிறோம். பால் பல் என்பது பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கும் பல். கடைவீதியில் இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு கடை காலியானால் என்ன நடக்கிறது? இருபக்கத்துக் கடைக்காரரும் சரக்கை நகர்த்தி அந்த இடத்தை அடைத்துவிடுகிறார்கள். சொத்தையால் பால் கடைவாய்ப்பல் முன்கூட்டியே போனாலும் அதுதான் நடக்கும். பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிலைப்பல் வளைந்து நெளிந்து வரும்.

'எங்கள் பரம்பரைப் பல்'

'இவன் பாட்டனுக்கும் இப்படித்தான்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உண்மைதான். தாடையின் அமைப்பும், கீழ்த்தாடை முன்னே நீள்வதும் பரம்பரையாக வருவதுண்டு. ஆனால் எல்லாமே பரம்பரை இல்லை. நான்கு வயது தாண்டியும் விரல் சூப்புவது, ரப்பர் சூப்பானை எந்நேரமும் வாயில் வைத்திருப்பது, மூக்கடைப்பால் வாய்வழி மூச்சு விடுவது ஆகியவையும் காரணங்களே. இவற்றால் மேல்தாடை குறுகும்; முன்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் திறந்தே நிற்கும். சூப்பும் பழக்கத்தை மூன்று நான்கு வயதுக்குள் நிறுத்திவிட்டால், பால் பல்லில் வந்த இந்தக் கோளாறு பல பிள்ளைகளுக்குத் தானாகவே சீராகிறது.

தாய்ப்பால் குடிக்கும்போது குழந்தையின் நாக்கும் தாடையும் உழைக்கின்றன. அந்த உழைப்பில் தாடை விரிகிறது. தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்குப் பல்வரிசைக் கோளாறு வெகுவாகக் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, 2016-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆவது வசனம் பேசுகிறது. அதே வசனம், பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தகப்பன் மீது சுமத்துகிறதே, அதை எத்தனை பேர் சிந்தித்தோம்? தகப்பன் வளைகுடாவிலோ லாரியிலோ இருக்கிறான். தாய் தனியாளாக வீட்டையும் பார்த்து, வேலைக்கும் போய், வேறு வழியின்றிப் பாட்டிலை எடுக்கிறாள். அவளைக் குறை சொல்ல நமக்கு என்ன அருகதை? வறுமை, கல்வியின்மை, ஓய்வின்மை ஆகிய குடும்பப் பின்னணிதான் பிள்ளையின் வாயில் தெரிகிறது.

வணிகப் பெருமக்களே! 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம், குழந்தைப் பால்மாவுக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. இலவச மாதிரி கொடுப்பதையும் தடுக்கிறது. கம்பெனிக்காரர் கொடுக்கும் விளம்பர அட்டையைக் கடையில் தொங்கவிடாதீர்கள். ஹலாலான வியாபாரத்தில் இதுவும் அடங்கும்.

கம்பி கட்டுவது கூடுமா?

அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இதைக் கேட்ட சிலர், பல்லுக்குக் கம்பி கட்டுவதும் கூடாதோ என்று தயங்கிப் பிள்ளையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அர்ஃபஜா (ரலி) என்ற தோழருக்குப் போரில் மூக்கு துண்டிக்கப்பட்டது. வெள்ளியில் மூக்கு வைத்தார், அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் வைத்துக்கொள்ளும்படி நபியவர்களே சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும், குறையைச் சரிசெய்ய அனுமதி கிடைத்தது. மெல்ல முடியாமல், பேச்சு குழறி, பல் தேய்ந்து போகிற பிள்ளைக்குச் செய்வது மருத்துவம். அது படைப்பை மாற்றுவது ஆகாது. வெறும் பகட்டுக்காகச் செய்வதே கண்டிக்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டியது

தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, 2013 முதல் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளை மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும். பல் சொத்தையும் அந்தப் பட்டியலில் உண்டு. குழு வருகிறதா, பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்க்கிறதா என்று ஒவ்வொரு ஊர் வாலிபர்களும் விசாரியுங்கள். வராவிட்டால் மனுக் கொடுங்கள். உரிமை அரசியல் என்பது இதுவும்தான்.

வீட்டில், ஒரு வயதுக்குள் பிள்ளையை ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இனிப்புக் கலந்த பால் பாட்டிலோடு தூங்க வைக்காதீர்கள். நிலைப்பல் முளைக்கும் ஏழு வயதில் பல்வரிசையைக் காட்டிக் கேளுங்கள். மதரஸா உஸ்தாதுகளே, பிள்ளைகள் ஓதும்போது வாய் உங்கள் கண்முன்னே திறந்திருக்கிறது. சொத்தையைக் கண்டால் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

2007-ல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு கிடைத்தது. நம் பிள்ளைகள் அதில் பல் மருத்துவமும் படிக்கட்டும். படித்து வருபவர்கள் மாதம் ஒருநாள் இந்தக் கணவாய்ப் பகுதிக் கிராமங்களுக்கு வரட்டும். மிஸ்வாக்கை அவ்வளவு வலியுறுத்திய நபியின் உம்மத்தில், சாதி மதம் பாராமல் எந்தப் பிள்ளையும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் நிலை இருக்கக் கூடாது.

வல்ல அல்லாஹ் அதற்கு நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! வஸ்ஸலாம்.