சொல்தா வீட்டு டிரங்குப் பெட்டி

பட்டம் வாங்க வந்திருக்கும் உங்களுக்கான அறிவுரைகளைக் கல்லூரி முதல்வரே சொல்லி முடித்துவிட்டார். என் பங்குக்கு ஒரு சொல்தா கதை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த நம் புதுச்சேரிக்காரரை அப்படித்தான் சொல்வோம்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். தொண்ணூறைத் தாண்டியவர், பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வுபெற்றவர். சவப்பெட்டியின் மேல் நீலம், வெள்ளை, சிவப்புக் கொடி. சட்டையில் பதக்கங்களோடு சகாக்கள் நாலைந்து பேர், ஒருவர் சக்கர நாற்காலியில். துக்கத்துக்கு வந்திருந்த ஒரு மாணவர் என் காதில் கேட்டார்: "சார், இவர் எந்த நாட்டுக்காரர்?"

காலமெல்லாம் வரலாறு நடத்தியவனிடம் இப்படிக் கேட்டால் விடுவேனா? 1954-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மே 7-இல் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. நம் பெரியவர் அப்போது இந்தோசீனாவில் இருந்தார். அக்டோபர் 18-இல் நம் புதுச்சேரியின் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-இல் இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அதே நவம்பர் 1-இல்தான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. நம் பெரியவரை அங்கே அனுப்பினார்கள். நாம் விடுதலையைக் கொண்டாடிக்கொண்டிருக்க, நம் ஊர்ப் பிள்ளை இன்னொரு நாட்டின் விடுதலையை அடக்கும் படையில் நின்றார்.

அதை ஒருமுறை அவரிடமே கேட்டேன். பெத்தாங்க் விளையாட்டுக் குண்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வீட்ல ஆறு வயிறு, தம்பி. மாசாமாசம் அம்மா கைக்குப் பணம் வந்துச்சு. யாரோட சண்டைன்னு நான் கேக்கல." தியாகி என்றோ துரோகி என்றோ ஒரு முத்திரை குத்த வசதியில்லாத வாழ்க்கை. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டியிருந்தது. அவர் எழுதித் தந்தார். ஓய்வுபெற்றதும் இங்கேயே திரும்பி வந்தார்.

நான் படித்த காலத்தில் பானிபட்டுப் போர் மூன்றுக்கும் ஆண்டு ஒப்பிப்போம்: 1526, 1556, 1761. மூன்று வீடு தள்ளியிருந்தவர் போன போருக்குப் பாடத்தில் ஒரு வரி கிடையாது.

கடற்கரைச் சாலையில் 1938-இல் திறந்த போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-இல் விளக்குப் போடுவார்கள். அது களத்தில் மாண்டவர்களுக்கு. உயிரோடு திரும்பி, கட்டிலில் கண்மூடியவர்களுக்கு மிஞ்சுவது ஒரு டிரங்குப் பெட்டி. அதில் ராணுவப் பணிப் புத்தகம், பதக்கம், ஓய்வூதியம் நிற்காமலிருக்க வருடாவருடம் கொடுத்த உயிர்ச்சான்றின் நகல்கள். பிள்ளைகள் பிரான்சில். வீடு கைமாறினால் பெட்டி காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குப் போய்விடும். பதக்கத்தைப் பேரம் பேசுகிறவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். எனக்கு ரத்தம் கொதிக்கும்.

உங்கள் தெருவிலும் ஒரு சொல்தா வீடு இருக்கலாம். அந்தச் சொல்தா காலமாகியிருந்தால் அவர் மனைவியிடம் போங்கள். கைப்பேசியை ஒலிப்பதிவில் போடுமுன் அனுமதி கேளுங்கள். போரைப் பற்றி முதலில் கேட்காதீர்கள், அழுதுவிடுவார்கள், இல்லை பொய் சொல்வார்கள். கப்பலில் என்ன சாப்பாடு போட்டார்கள், முதல் சம்பளத்தில் வீட்டுக்கு என்ன வாங்கினார்கள் என்று தொடங்குங்கள். அவர்கள் பேசும் தமிழிலேயே எழுதி, நம் ரொமேன் ரோலன் நூலகத்தில் ஒரு படி கொடுத்துவையுங்கள்.