திண்பரப்பில் நுண்களி
(அறிவியற் பொழிவு)



திருநீற்றுப்பச்சிலை விதையை நீரிலிட்டால், சிறிது பொழுதில் ஒவ்வொரு விதையும் வழுவழுப்பான களி போர்த்துப் பருத்து நிற்கும். நீரை உள்வாங்கிப் பருத்தும் வடிவு குலையாது நிற்பதே களியின் இயல்பு. வலைபோற் பின்னிய நெடிய மூலக்கூற்றுத் தொடர்கள் அந்நீரைச் சிறைப்படுத்துகின்றன.

அத்தகைய வலையைத் தானே பின்னவும், வேண்டியபோது சுருக்கவும் மாந்தன் கற்றான். பாலி-என்-ஐசோப்புரோப்பைல் அக்கிரிலமைடு என்னும் தொடர்ப்பொருளின் களி குளிர்நீரில் ஊறிப் பருக்கும். ஏறத்தாழ 32 பாகை செல்சியசைக் கடந்து சூடேறினால் நீரை உமிழ்ந்து சுருங்கும். குளிர்ந்தால் மீண்டும் பருக்கும். கரணியம் யாது? குளிரில் இத்தொடர்கள் நீரைப் பற்றி நிற்கின்றன. சூட்டில் அப்பிடி தளர, நீரை வெறுக்கும் அவற்றின் பகுதிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன.

களிகள் திடுமெனச் சுருங்கும் நிலைமாற்றத்தை 1978-இல் தனாக்கா என்னும் சப்பானிய அறிஞர் அமெரிக்காவில் ஆய்ந்து வெளியிட்டார். 1986-இல் பெல்ட்டனும் சிபாந்தேயும் மேற்குறித்த பொருளைக் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுருண்டைகளாக்கினர். அவையே நுண்களிகள். ஒரு மயிரிழையின் குறுக்கே அவற்றுள் ஏறத்தாழ நூற்றை வரிசையாக வைக்கலாம்.

நீரில் மிதக்கும் நுண்களி எப்பக்கமும் ஒப்பச் சுருங்கும். குறுக்களவு பாதியானால் பருமன் எட்டிலொன்றாகும். கண்ணாடி போன்ற திண்பரப்பில் ஒட்டியபின் நிலை வேறு. உருண்டை தட்டையாகி, ஆப்பம்போல் நடுவே தடித்தும் ஓரத்தே மெலிந்தும் படியும். அடிப்புறத் தொடர்கள் பரப்பைப் பற்றியிருத்தலின் பக்கவாட்டிற் சுருங்குதல் அரிது. பெரிதும் உயரமே ஏறியிறங்கும். ஆதலின் மிதந்தபோது சுருங்கிய அளவுக்கு அது இப்போது சுருங்குவதில்லை.

அதன் நெகிழ்மையை அளக்க, 1986-இல் பின்னிக்கு, குவேட்டு, கெர்பர் ஆகியோர் ஆக்கிய அணுவிசை நுண்ணோக்கி உதவுகின்றது. அதன் கூர்முனை களியை மெல்ல அமிழ்த்தும். எவ்வளவு விசைக்கு எவ்வளவு குழிந்தது என்பதினின்று விறைப்புக் கணிக்கப்படும். மிக ஆழ அமிழ்த்தினாலோ, அடியிலுள்ள கண்ணாடியின் வன்மையே களியின் வன்மையாகத் தோன்றி ஆய்வோனை ஏமாற்றும். இவ்வாறு அளந்து கண்ட உண்மை இது: சூடேறி நீரிழந்த நுண்களி, குளிர்ந்து பருத்ததைவிடப் பன்மடங்கு விறைப்புடையது.

இவ்வளவு நுணுகி அளப்பதால் பயன் என்னை? வளர்ப்புக் கலத்தில் ஒட்டி வளர்ந்த உயிரணுக்களைப் பிரிக்க நொதி ஊற்றுவது வழக்கம். அந்நொதி உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பிணைப்புகளையும் அறுத்துவிடும். சப்பானிய அறிஞர்கள் இதே தொடர்ப்பொருளை மெல்லிய படலமாகக் கலத்தின்மேற் பிணைத்தனர். 37 பாகையில் உயிரணுக்கள் ஒட்டி வளர்ந்தன. குளிர்வித்ததும் அறுபடாத தாளாகக் கழன்றன. பார்வை குன்றிய நால்வர்க்கு, அவர்தம் வாயின் உட்தோலிலிருந்து வளர்த்த அத்தகைய தாள் கருவிழியிற் பதிக்கப்பட்டது. நால்வர்க்கும் பார்வை தெளிந்தமை 2004-இல் வெளியாயிற்று. நுண்களிப் படலத்திலும் உயிரணுக்கள் சூட்டில் ஒட்டிக் குளிரிற் பிடி தளர்வதை 2010-இல் செருமானிய ஆய்வர் காட்டினர்.

மிதக்கும் களியின் அளவைக் கொண்டு ஒட்டிய களியை மதிப்பிட்டால், உயிரணு எப்போது பற்றும், எப்போது விடும் என்னும் கணக்கே பிழைபடும். அப்பிழையால் கிழிவது ஒருவர் கண்ணுக்கென வளர்த்த தாளாகவும் இருக்கலாம். எப்பொருளையும் அது பயன்படும் இடத்தில் வைத்தே அளந்தறிதல் வேண்டும்.