தேவதைக் கதைகளும் "பெண் சுபாவ"மும்

(ஒரு பொதுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச வந்திருப்பது பாட்டிக் கதைகளைப் பற்றியாகும். நாட்டில் எவ்வளவோ காரியமிருக்க, பாட்டிக் கதைக்கு ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கக் கூடும். இந்தப் பேச்சு எப்படி ஏற்பட்டது என்பதைச் சொன்னால் அப்படிச் சிரிக்கமாட்டீர்கள்.

சென்ற முறை பெண்கள் விடுதலையைப் பற்றி நான் பேசி முடித்தவுடன், நன்றாகப் படித்த தோழர் ஒருவர் என்னிடம் வந்தார். "பெண் அடங்கித்தான் நடக்க வேண்டுமென்று மனு சொன்னால் மனுவைத் தள்ளிவிடலாம். ஆனால் இப்போது மனோதத்துவ சாஸ்திரமே அதைச் சொல்லுகிறதே! ஐரோப்பாவின் தேவதைக் கதைகளிலே வருகிற உறங்கும் இளவரசியும், கோபுரத்தில் அடைபட்ட பெண்ணும், சிவப்புக் குல்லாய்ச் சிறுமியும் மனத்தின் ஆழத்திலிருந்து வந்த சின்னங்களாம். காத்திருப்பதும், மயங்குவதும், ஓர் ஆண் வந்து எழுப்பினால் எழுந்திருப்பதும் பெண்ணின் இயற்கைச் சுபாவம் என்று அவற்றால் தெரிகிறதே! விஞ்ஞானத்தையும் தள்ளிவிடுவீர்களா?" என்று கேட்டார்.

தோழர்களே! இது நல்ல கேள்வியேயாகும். சாமி பேரைச் சொல்லி ஒருவன் ஏய்க்க வந்தால் அவனை நாம் அடையாளம் கண்டுகொள்ளுகிறோம். விஞ்ஞானத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு அதே சரக்கு வந்தால் என்ன செய்வது? நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. ஆகையால் தெரிந்தவர்களைக் கேட்டும், கிடைத்த புத்தகங்களைப் பார்த்தும் அறிந்ததை இங்கு சொல்லுகிறேன். சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த அறிஞர்கள் சொல்லுவது என்ன? 1951-இல் எரிக் பிராம் என்ற மனோதத்துவ நிபுணர் ஒரு புத்தகம் எழுதினார். ஓநாயிடம் அகப்பட்ட சிறுமியின் சிவப்புக் குல்லாய் மாதவிடாய்க்குச் சின்னம் என்றும், அவள் கையிலுள்ள புட்டியை உடைக்காதே என்று தாய் எச்சரிப்பது கன்னித் தன்மையைப் பற்றிய எச்சரிக்கை என்றும் அதில் பொருள் சொன்னார். 1976-இல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர், இளவரசியின் விரலில் கதிர் குத்தி இரத்தம் வந்தது பருவமடைதலுக்குச் சின்னம் என்றார். கொடுமைக்காரச் சிற்றன்னை என்பவள் குழந்தையின் மனம் செய்துகொண்ட கற்பனை என்றும், தாயிடம் கோபம் வரும்போது நல்ல தாய், கெட்ட தாய் என்று குழந்தை அவளை இரண்டாகப் பிரித்துக் கொள்ளுகிறது என்றும் சொன்னார். யுங் என்பவரின் வழிவந்தவர்களோ, இவை மனித சமுதாயம் முழுவதற்கும் பொதுவான மனச் சின்னங்கள் என்கிறார்கள்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சின்னத்துக்குப் பொருள் சொல்லுவதற்கு முன்பு, அந்தச் சின்னத்தை அங்கே வைத்தது யார் என்று கேட்க வேண்டாமா? தெருவோரத்தில் ஒரு கல் குங்குமத்தோடு நின்றால், அது தானாக முளைத்ததா, எவனாவது நட்டு வைத்தானா என்று நாம் கேட்பதில்லையா? அந்தக் கேள்வியைத்தான் இங்கும் கேட்கிறேன்.

சிவப்புக் குல்லாயை எடுத்துக்கொள்ளுவோம். அந்தக் கதையை முதன்முதல் அச்சில் போட்டவர் பிரான்சு தேசத்துச் சார்லஸ் பெரோ. 14-ஆம் லூயி அரசனிடம் பெரிய உத்தியோகம் பார்த்தவர். 1697-இல் வந்த அவருடைய புத்தகத்தில்தான் சிவப்புக் குல்லாய் வருகிறது. பெண் ஓநாய்க்கு இரையாகிறாள், கதை முடிந்துவிடுகிறது. அழகிய பெண்கள் கண்டவனோடு பேசக்கூடாது என்று கடைசியில் ஒரு நீதியும் வைத்தார். 1812-இல் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் கதையை மாற்றி, ஒரு வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை மீட்பதாக முடித்தார்கள். புட்டியும், வழியை விட்டு விலகாதே என்ற தாயின் புத்திமதியும் இவர்கள் கதையில் உள்ளவை.

ஆனால் 1885-ஆம் வருஷ வாக்கில் பிரான்சின் நிவர்னே பிரதேசத்தில் குடியானவர்கள் சொல்லிவந்த கதையொன்றை மில்லியன் என்பவர் எழுதி வைத்தார். அச்சுப் புத்தகத்தின் வாடை படாமல் வாய்வழியாக வந்த கதை இதுவென்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அதிலே குல்லாயுமில்லை, புட்டியை உடைக்காதே என்ற எச்சரிக்கையுமில்லை, வேட்டைக்காரனுமில்லை. படுக்கையில் இருப்பது பாட்டியல்ல என்று தெரிந்ததும் அந்தப் பெண் என்ன செய்கிறாள் தெரியுமா? "வெளிக்குப் போக வேண்டும்" என்கிறாள். ஓநாய் அவள் காலில் ஒரு கயிற்றைக் கட்டி அனுப்புகிறது. அவள் வெளியே வந்து, கயிற்றை அவிழ்த்து ஒரு மரத்தில் கட்டிவிட்டு, வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். அவ்வளவுதான்! தன் புத்தியால் தப்பித்த பெண் அவள்.

ராபர்ட் டார்ண்டன் என்ற சரித்திர ஆசிரியர் 1984-இல் இதை எடுத்துக்காட்டி, எரிக் பிராம் பொருள் சொன்ன சின்னங்கள் குடியானவர்கள் சொன்ன கதையில் இல்லவே இல்லையே என்று கேட்டார். மனத்தின் ஆழத்தில் முளைத்ததாகச் சொன்ன சிவப்புக் குல்லாய், அரண்மனை உத்தியோகஸ்தரின் மைக்கூட்டில் அல்லவா முளைத்திருக்கிறது!

உறங்கும் இளவரசியைப் பாருங்கள். நேப்பிள்ஸில் பாஸிலே என்பவர் எழுதி 1634 முதல் 1636 வரை அச்சான புத்தகத்தில், காட்டு மாளிகையில் மயங்கிக் கிடக்கும் பெண்ணைக் கண்ட அரசன் அவளைக் கெடுத்துவிட்டுப் போய்விடுகிறான். அவனுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. மயக்கத்திலேயே அவளுக்கு இரட்டைக் குழந்தை பிறக்கிறது. ஒரு குழந்தை பால் என்று நினைத்து அவள் விரலைச் சப்ப, குத்தியிருந்த சிம்பு வெளியே வந்து அவள் விழிக்கிறாள். 1697-இல் பெரோ இதை மாற்றி, இளவரசன் பக்கத்தில் வந்து மண்டியிட்டதும் விழித்தாள் என்றார். 1812-இல் கிரிம் சகோதரர்கள் முத்தமிட்டதும் விழித்தாள் என்றார்கள். அதாவது, முதலில் அக்கிரமமாக இருந்தது, பிறகு மரியாதையாகி, கடைசியில் காதலாகிவிட்டது! ஆண் செய்த குற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்த பிறகு, மிஞ்சியிருப்பது அசையாமல் கிடக்கும் பெண் ஒருத்திதான். அவளைக் காட்டி, "பார், காத்திருப்பது பெண்ணின் சுபாவம்" என்றால், இதைவிடப் பெரிய புரட்டு வேறு உண்டா?

சிற்றன்னைக் கதை இன்னும் வேடிக்கை. "வெண்பனி" என்ற பெண்ணைக் கொல்லச் சொன்னவள் 1812-ஆம் வருஷப் பதிப்பில் அவளுடைய சொந்தத் தாய். 1819-ஆம் வருஷப் பதிப்பில் அவள் சிற்றன்னையாகிவிட்டாள். காட்டில் பிள்ளைகளை விட்டுவரச் சொன்ன தாயும் 1840-ஆம் வருஷப் பதிப்பில் சிற்றன்னையாகிவிட்டாள். தாய் என்றால் தெய்வம். அவள் கெட்டவளாக இருக்கலாகாது என்பது அக்காலத்துக் கௌரவமான குடும்பங்களின் எண்ணம். ஆகவே பேனா வேலை செய்தது. தாயை இரண்டாகப் பிரித்தது குழந்தையின் மனம் என்றார் பெட்டல்ஹைம். பிரித்த வில்ஹெல்ம் கிரிமுக்கு 1819-இல் வயது 33. இவரா குழந்தை?

வேறு கதைகளில் முன்பே சிற்றன்னை இல்லையா என்று கேட்டால், உண்டு. ஏன் இருக்கமாட்டாள்? பிரசவத்தில் பெண்கள் செத்துக்கொண்டே இருந்த காலம் அது. புருஷன் மறுகலியாணம் செய்துகொண்டான். கொஞ்சம் சோற்றுக்கும் சொத்துக்கும் மூத்தாள் பிள்ளைகளும் இளையாளும் போட்டியிட்டார்கள். இதிலே மனத்தின் மர்மத்தைவிட வயிற்றின் பசிதான் அதிகம்.

கோபுரத்தில் அடைபட்ட ரபுன்சலைப் பாருங்கள். 1812-இல் அவள், "என் உடுப்பெல்லாம் இறுக்கமாகிறதே, ஏன்?" என்று தன்னை அடைத்து வைத்தவளைக் கேட்கிறாள். கர்ப்பம் அதனால் வெளியாகிவிடுகிறது. பின்பதிப்புகளில் இந்தப் பேச்சை எடுத்துவிட்டார்கள். "இளவரசனைவிட நீ கனமாக இருக்கிறாயே" என்று அவள் உளறுவதாக மாற்றினார்கள். உடம்பைப் பற்றிய உண்மையைப் பேசினவள் அசடாகிவிட்டாள். ஆறு அன்னப்பறவைகள் கதையிலோ, தமையன்மாரைக் காப்பாற்ற ஒரு பெண் ஆறு வருஷம் பேசவும் கூடாது, சிரிக்கவும் கூடாது!

இதில் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். கிரிம் சகோதரர்களுக்குக் கதை சொன்னவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தையற்காரரின் மனைவியான டொரோத்தியா வீமன் என்ற அம்மையார் அவர்களில் ஒருவர். சொன்னது பெண்களின் வாய். திருத்தியது ஆண்களின் பேனா. 1812 முதல் 1857 வரை ஏழு பதிப்புகள் போட்டுத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். முதலில் பெண்ணின் உடம்பையும் வாயையும் புத்தியையும் பேனாவால் அடித்துவிட்டு, பிறகு அவற்றைச் சின்னத்திலே தேடுவதுதான் நடந்த காரியம்.

நிற்க, அறிஞர் எல்லோரும் ஒரே மாதிரி என்று நான் சொல்லவில்லை. யுங்கின் சிஷ்யையான வான் பிரான்ஸ் அம்மையாரே, கதையின் நடுவில் பெண் இருப்பதாலேயே அது பெண்ணின் மனத்தைக் காட்டுவதாகாது. ஆண் தன் மனத்திலுள்ள பெண்ணைத்தான் அங்கே காட்டியிருக்கக் கூடும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். மனம் சின்னங்களால் பேசுகிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. கனவு காணாதவர் யார்? என் ஆட்சேபணை இதுதான்: ஒருவன் எழுதின கனவுக்கு இன்னொருத்தியைப் பொறுப்பாளியாக்காதே என்கிறேன்.

இது ஐரோப்பியர் கதை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். அகலிகையை எடுத்துக்கொள்ளுங்கள். வால்மீகியில் அவள் யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றை உண்டு சாம்பலில் கிடந்தாள். கம்பனில் கல்லாகிவிட்டாள், ஓர் ஆணின் காலடித் தூசி பட்டு எழுந்தாள். அங்கே முத்தம், இங்கே காலடி. கிடப்பவள் மாத்திரம் இரண்டு இடத்திலும் பெண். அங்கே கேட்கிற கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டுமா இல்லையா?

ஆகவே என்னைக் கேட்ட அந்தத் தோழருக்கு என் பதில் இது. விஞ்ஞானத்தை நான் தள்ளவில்லை. எந்தப் பதிப்பில், எந்த வருஷத்தில், யார் மாற்றினார் என்று பார்ப்பதும் விஞ்ஞானம்தான். அப்படிப் பார்த்தால் "பெண்ணின் சுபாவம்" என்பதற்குத் தேதி இருக்கிறது. எழுதினவன் பெயர் இருக்கிறது. தேதி உள்ள ஒன்று இயற்கையாக இருக்க முடியாது. மனிதன் எழுதினதை மனிதன் அடிக்கவும் முடியும்.

தாய்மார்களே! இன்றிரவு உங்கள் பெண் குழந்தை கதை கேட்டால், நூறு வருஷம் தூங்கினவளின் கதையைச் சொல்லாதீர்கள். காலில் கட்டின கயிற்றை அவிழ்த்து மரத்தில் கட்டிவிட்டு ஓடிவந்தவளின் கதையைச் சொல்லுங்கள். அந்தக் கதையைக் குடியானவர்கள்தான் சொன்னார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.