குடிநோயும் மூளையின் துயரத் தூதர்களும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக்கான விழாவில் மதுவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கார் அறுவடையிலும் பிசான அறுவடையிலும் பெற்ற கூலி, தாய்மார்கள் பீடி சுற்றிச் சேர்த்த காசு, செங்கற்சூளையில் வெந்து ஈட்டிய பணம் ஆகியவை பிள்ளையின் பள்ளிக்கூடத்தைச் சென்றடையுமுன் வழியில் எங்கே நின்றுவிடுகின்றன என்பதை நாம் அறிவோம். ஆகவே கல்வியைப் பற்றிப் பேசுவோர் மதுவைப் பற்றியும் பேசியே ஆகவேண்டும்.

மது தீது என்று எடுத்துரைப்பது மட்டும் நம் நோக்கமன்று. அதனை நம் முன்னோர் செய்துவிட்டனர். பண்டிதர் அயோத்திதாசர் நம் மக்களிடையே மீட்டெடுத்த பௌத்த நெறியின் ஐந்து ஒழுக்கங்களுள் கள்ளுண்ணாமை ஒன்று. 1956 அக்டோபரில் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் மக்களை ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளுள்ளும் மது அருந்தாமை இடம் பெற்றது. அத்தனை அறிவுரைகளையும் கேட்டு, குழந்தையின் தலைமீது அடித்துச் சத்தியம் செய்து, கோயிலில் கயிறும் கட்டிக்கொண்ட ஒருவர், பத்தாம் நாள் மீண்டும் கடை வாசலில் நிற்கிறாரே, அது ஏன்? இவ்வினாவுக்கு இன்றைய அறிவியல் தரும் விடையையே இங்குக் கூற விழைகின்றோம்.

மது மூளையை அடைந்ததும் டோப்பமின், எண்டார்பின் முதலிய பொருள்கள் சுரந்து இன்ப உணர்வைத் தருகின்றன. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்னும் பொருளின் செயல் கூடுகிறது. கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட் என்னும் பொருளின் செயல் குறைகிறது. உடல்வலியும் கவலையும் விலகினாற்போல் தோன்றுகிறது. ஆனால் மூளை தன் சமநிலையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. நாள்தோறும் மது வந்தால், அதற்கு எதிர்ப்பளுவாகத் தன் அமைதியைத் தானே குறைத்துக்கொள்கிறது, கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. அத்துடன் துயரத்தின் தூதர்களையும் எழுப்பிவிடுகிறது.

அத்தூதர்கள் யாவர்? ஆபத்து நேருங்கால் உடலை ஆயத்தப்படுத்த ஓர் ஏற்பாடு நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. வயல் வரப்பில் பாம்பைக் கண்டால் கால் தானே பின்வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இவ்வேற்பாட்டின் தலைமைத் தூதனை 1981ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலார் வைலி வேலும் அவர்தம் குழுவினரும் செம்மறியாட்டு மூளையிலிருந்து பிரித்து அறிவித்தனர். 41 அமினோ அமிலங்கள் கோத்த அப்பொருளுக்குச் சி.ஆர்.எஃப். என்று பெயர். அதன் ஏவலால்தான் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி கார்ட்டிசாலைச் சுரக்கிறது. மூளையின் உள்ளே வாதுமைக்கொட்டை வடிவில் அமைந்த அமிக்டலா என்னும் பகுதியிலும் அது செயற்பட்டு, அச்சத்தையும் மனப்புழுக்கத்தையும் மூட்டுகிறது.

ஜார்ஜ் கூப் முதலிய ஆய்வாளர்கள் மதுவுக்கு அடிமையாக்கப்பட்ட எலிகளைக் கொண்டு ஓர் உண்மையைக் கண்டனர். மது நிறுத்தப்பட்டதும் அமிக்டலாவில் சி.ஆர்.எஃப். மிகுதியாகப் பெருகுகிறது. அதனைத் தடுத்தால் அவ்வெலிகள் அளவின்றிக் குடிப்பது குறைகிறது. நார்அட்ரினலின் படபடப்பைக் கூட்டுகிறது. டைனார்பின் என்னும் பொருளோ எண்டார்பினுக்கு நேர்மாறாக, எதிலும் இன்பமில்லா நிலையைத் தருகிறது. எனவே, தொடக்கத்தில் இன்பத்திற்காகக் குடித்தவர், நாளடைவில் துன்பத்தினின்று தப்புவதற்காகவே குடிக்கின்றார். அத்துன்பத்தைப் பெருக்கியதும் அந்த மதுவேயாகும்.

கந்துவட்டியின் கொடுமையை நம் மாவட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. மது தரும் ஆறுதல் அத்தகைய கடனே. மாலையில் வாங்கிய நிம்மதிக்கு மறுநாட் காலையில் நடுக்கமாகவும் எரிச்சலாகவும் வட்டி கட்டவேண்டும். வட்டி கட்டுவதற்கே மீண்டும் கடன் வாங்குகின்றோம். முதல் அப்படியே நிற்கிறது.

இங்கு ஒரு பழிச்சொல்லுக்கு விடை கூறியாக வேண்டும். குடி என்பது இன்ன சாதியின் குணம் என்று பேசுவோர் இன்றும் உளர். எலியிடத்தும் காணப்படும் ஓர் இயக்கத்திற்குச் சாதி ஏது? துயரத்தைத் தாங்கும் ஏற்பாடு எல்லா மனிதருக்கும் ஒன்றே. அதன்மீது ஏற்றப்படும் சுமைதான் ஒன்றன்று. இந்த ஆற்றங்கரையில் நம் மக்கள் சுமந்தவை சிறியன அல்ல. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் சென்றபோது, காவல்துறையினரின் தடியடியைத் தொடர்ந்து, இதே தாமிரபரணியில் 17 உயிர்களை இழந்தோம். நாள்தோறும் நேரும் அவமதிப்பும், நிலையற்ற வேலையும், கடனும் செய்தித்தாளில் வருவதில்லை. ஆனால் மூளை அவற்றைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. துயரம் மிகுந்த இடத்தில் மலிவான மறதிக்கு விலை போவது எளிது. அம்மறதியை விற்பதற்குக் கடையும் அருகிலேயே உள்ளது. டாஸ்மாக் நிறுவனம் 1983இல் தோன்றியது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது.

ஆயினும், காரணம் கூறுவது வேறு. நியாயம் கற்பிப்பது வேறு. குடித்து வந்து மனைவியை அடிப்பவரின் கையை மூளையின் மீது பழிபோட்டு மன்னிக்க இயலாது. அவ்வீட்டில் அஞ்சி ஒடுங்கும் குழந்தையின் மூளையிலும் அதே துயரத் தூதர்கள் ஓயாது உலவுகின்றனர். பின்னாளில் அக்குழந்தையும் மதுவை நாடும் வாய்ப்பு மிகுகிறது. தந்தைக்குச் சிகிச்சையும் தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பும் ஒருங்கே வேண்டும்.

இனி, நாம் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, நெடுநாள் மிகுதியாகக் குடித்தவரைத் திடீரென அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்த முயலலாகாது. நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை ஆகியவற்றோடு சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் சித்தப்பிரமையும் தோன்றும். அது உயிரையே போக்கக்கூடும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லவேண்டும். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

இரண்டாவது, குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கும் மருந்துகளை வாங்காதீர்கள். டைசல்பிராம் போன்ற மருந்து உடலில் இருக்கையில் மது உட்சென்றால் உயிருக்கே தீங்கு நேரலாம். மருத்துவர் அறியவும் நோயாளி இசையவும் தருவதே மருந்து. குடிவேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் முதலியன உள்ளன. சி.ஆர்.எஃப். செயலைத் தடுக்கும் மருந்துகளை மனிதரிடம் சோதித்து 2015, 2016ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் வேட்கை குறையவில்லை. எலிக்கு உதவியது மனிதனுக்கு அவ்வாறே உதவவில்லை. ஒரு மாத்திரையால் தீரும் நோயன்று இது.

மூன்றாவது, குடியை நிறுத்திய பின் வரும் மாதங்களே கடினமானவை. துயரத் தூதர்கள் அடங்க நாளாகும். ஒரு சுடுசொல், ஒரு கடன்காரரின் வருகை, ஓர் உறக்கமற்ற இரவு ஆகியவை பழைய வேட்கையைக் கிளறிவிடும். அந்நாள்களில் அவரைத் தனியே விடலாகாது. சென்னையில் 1980இல் தோன்றிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களிலேயே முகாம் நடத்தி, குடும்பத்தாரையும் ஊராரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது. ஊர் துணை நின்றால் ஒருவர் மீள்வது எளிதாகும் என்பதே அதன் கருத்து.

2019இல் வெளியான இந்திய அரசின் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றுள்ளார். எஞ்சிய 37 பேரைத் தடுப்பதில் வெட்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வெட்கத்தை நீக்குவது மருத்துவரால் மட்டும் ஆகாது. அது நம் பணி. ஆகவே இவ்வெள்ளி விழா நாளில் மூன்று முடிவுகளை ஏற்போமாக. குடிகாரன் என்ற சொல்லை விடுத்துக் குடிநோயாளி என்றே கூறுவோம். மீண்டு வந்தவருக்கு இக்கழகத்தில் உறுப்பினராகவும் பொறுப்பாளராகவும் இடமளிப்போம். சம்பள நாள் மாலையில் அவர் வந்து அமர நம் நூல்நிலையத்தின் கதவைத் திறந்து வைப்போம்.

இளைஞர்களே, முதற் குவளையை மறுப்பது உங்கள் கையில் உள்ளது. நூறாவது குவளையை மறுப்பது தனி ஒருவர் கையில் இல்லை. முதலாவதை நீங்கள் மறுத்துவிடுங்கள். நூறாவதில் நிற்பவரை மீட்க நாம் அனைவரும் சேர்ந்து கைகொடுப்போம்.